மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைக்குத் தெரபி எங்கே: மதுரையா, ராமநாதபுரமா, வீடா?

அப்போதெல்லாம் பாம்பன் ஸ்டேஷனில் விடியற்காலை ரயில் ஏறினால் பழைய பாலத்தின் மேல் அது நத்தை மாதிரி ஊர்ந்து போகும். மடியில் என் நாலு வயது மகள். பெட்டி ஒரு குலுக்கு குலுக்கினால் இரண்டு காலும் விறைத்துக் கத்தரிக்கோல் மாதிரிப் பின்னிக்கொள்ளும். மதுரை போய்ச் சேர நாலு மணி நேரம், சீட்டுப் போட்டுக் காத்திருக்க இரண்டு மணி நேரம், தெரபி நாற்பது நிமிடம். வீடு திரும்பும்போது ராத்திரி ஆகிவிடும். மறுநாள் முழுக்க அவள் துவண்டு கிடப்பாள். பயிற்சி கொடுக்கலாம் என்று காலைத் தொட்டாலே அழுவாள். இப்படி ஏறக்குறைய ஒரு வருடம், வாரம் தவறாமல் போனேன்.

இப்போது அவளுக்கு ஒன்பது வயது நெருங்குகிறது. தங்கச்சிமடம், பாம்பன், மண்டபம் பக்கம் எந்தப் பிள்ளைக்காவது சி.பி. (செரிப்ரல் பால்சி, அதாவது மூளை முடக்குவாதம்) என்று டாக்டர் சொல்லிவிட்டால், அந்த வாரமே அதன் அம்மா யார் மூலமாவது என்னிடம் வந்துவிடுவாள். கேள்வி எப்போதும் ஒன்றுதான். “அக்கா, மதுரைக்கே போயிரவா? ராமநாதபுரம் போதுமா? வீட்டுலயே வச்சுப் பாத்தா பிள்ளை வீணாப் போயிருமா?” வாயால் சொல்லும்போது பாதி விட்டுப்போகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

இடத்தைப் பற்றிப் பேசும் முன் பிள்ளையின் நிலையைத் தெரிந்துகொள்ள வேண்டும். மூளை முடக்குவாதம் என்று ஒரே பெயர் வைத்திருக்கிறார்களே தவிர, ஒரு பிள்ளையைப் போல் இன்னொரு பிள்ளை இருக்காது. வயிற்றில் இருக்கும்போதோ, பிரசவத்திலோ, பிறந்த கொஞ்ச காலத்திலோ வளர்கிற மூளையில் ஏற்பட்ட பாதிப்பு இது. குறைமாதப் பிரசவம், பிறந்ததும் மூச்சுத் திணறியது, கடுமையான மஞ்சள் காமாலை, மூளைக்காய்ச்சல் என்று காரணங்கள் பல. என் மகள் எட்டாவது மாதத் தொடக்கத்திலேயே பிறந்தவள். மூளையில் ஏற்பட்ட அந்தப் பாதிப்பு அதற்கு மேல் பெருகாது. ஆனால் பிள்ளை வளர வளர எலும்பு நீளும், விறைத்த தசை அந்த வேகத்துக்கு நீளாது. கவனிக்காமல் விட்டால் மூட்டுகள் மடங்கிப்போவது அதனால்தான்.

பாதிப்பின் அளவை ஐந்து நிலைகளாகச் சொல்வார்கள். ராபர்ட் பலிசானோ குழுவினர் 1997இல் வகுத்த முறை அது. மருத்துவச் சீட்டில் ஜி.எம்.எஃப்.சி.எஸ். என்று எழுதியிருக்கும். ஒன்றாம் நிலைப் பிள்ளை நடக்கும், ஓடும், கொஞ்சம் தடுமாறும். மூன்றாம் நிலைப் பிள்ளை கையில் வாக்கர் மாதிரி ஒன்றைப் பிடித்து நடக்கும். ஐந்தாம் நிலையில் கழுத்து நிற்பதே கஷ்டம். என் மகள் மூன்றாம் நிலை. எங்கள் தெருவில் மதினி மகன் ஐந்தாம் நிலை. இரண்டு பேருக்கும் ஒரே வயது. ஆனால் எனக்குச் சரிப்பட்ட முடிவு மதினிக்குச் சரிப்படவில்லை. ஆகவே டாக்டரிடம் “என் பிள்ளை எந்த நிலை?” என்று நேராகக் கேளுங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீரும்.

இன்னொன்று வயது. கனடாவில் பீட்டர் ரோசன்பாம் குழுவினர் சி.பி. உள்ள நூற்றுக்கணக்கான பிள்ளைகளைப் பல வருடம் தொடர்ந்து பார்த்து 2002இல் வெளியிட்ட ஆய்வின்படி, உட்கார, நிற்க, நடக்க என்று ஒரு பிள்ளையால் எட்ட முடிகிற திறனில் 90 சதவீதம் ஐந்து வயதுக்குள் வந்துவிடுகிறது. ஐந்தாம் நிலைப் பிள்ளைகளுக்கு அது மூன்று வயதுக்கு முன்பே வந்துவிடும். “ரெண்டு வயசு ஆகட்டும், தானா நடக்கும்” என்று யார் சொன்னாலும் காத்திருக்காதீர்கள். ஐந்து வயது தாண்டிவிட்டதே என்று மனம் உடையவும் வேண்டாம். கை வேலை, பேச்சு, படிப்பு, தானே சாப்பிடுவது எல்லாம் அதற்குப் பிறகும் வளர்கிறது. என் மகள் சட்டைப் பொத்தான் போடக் கற்றுக்கொண்டது ஏழு வயதில்.

சரி, மதுரைக்கு வருவோம்.

மதுரையில் கிடைக்கிற சில விஷயங்களுக்கு நம் கடற்கரையில் மாற்று இல்லை. குழந்தை நரம்பியல் டாக்டர், எலும்பு டாக்டர், ஸ்கேன், விறைத்த தசையைத் தளர்த்தப் போடும் போட்டாக்ஸ் ஊசி, காலை நேராகப் பிடித்துவைக்க அளவெடுத்துச் செய்யும் ஸ்ப்ளின்ட் என்று எல்லாவற்றையும் ஒரே ஊரில் முடிக்கலாம். அரசு ராஜாஜி மருத்துவமனை மாதிரி பெரிய இடத்தில் ஒரு துறையில் இருந்து இன்னொரு துறைக்கு நடந்தே போய்விடலாம். சி.பி. உள்ள நாலு பிள்ளைகளில் ஒன்றுக்கு வலிப்பு இருக்கும். மாத்திரையைச் சரியான அளவில் வைக்க அனுபவம் உள்ள டாக்டர் வேண்டும். மூன்றில் ஒரு பிள்ளைக்கு இடுப்பு மூட்டு மெல்ல மெல்ல விலகும். ஆரம்பத்தில் வலியே இருக்காது, வெளியே எதுவும் தெரியாது, எக்ஸ்ரே எடுத்தால் மட்டுமே தெரியும். நாலாம், ஐந்தாம் நிலைப் பிள்ளைகளுக்கு இந்த ஆபத்து மிக அதிகம். மதினி மகனுக்கு ஐந்து வயதுவரை யாருமே இடுப்பு எக்ஸ்ரே எடுக்கச் சொல்லவில்லை. எடுத்தபோது ஒரு பக்கம் பாதிக்கு மேல் விலகியிருந்தது. நடக்காத பிள்ளைக்கு இடுப்பைப் பார்த்து என்ன ஆகப்போகிறது என்று நினைத்துவிடுகிறார்கள். துணி மாற்றக் காலை விரிக்கும்போதெல்லாம் அந்தப் பிள்ளை அலறியதை நான் கேட்டிருக்கிறேன். எக்ஸ்ரே விஷயத்தில் மட்டும் கூச்சப்படாமல் வற்புறுத்துங்கள்.

இவையெல்லாம் வருடத்துக்கு இரண்டு மூன்று முறை போனால் முடிகிற காரியங்கள். வாரா வாரம் பயிற்சிக்காக மதுரைக்குப் போவது வேறு கணக்கு. பிள்ளை ஒரு நாளில் 13 மணி நேரம் விழித்திருக்கிறது என்று வைத்துக்கொண்டால், வாரத்துக்கு 91 மணி நேரம். அதில் பயணத்துக்கு ஒரு நாள், சோர்வுக்கு ஒரு நாள் கொடுத்துவிட்டு நாங்கள் வாங்கி வந்தது 40 நிமிடம். மீதி நேரத்தில் வீட்டில் அவள் எப்படி உட்காருகிறாள், எப்படிச் சாப்பிடுகிறாள், கக்கூசுக்கு எப்படிப் போகிறாள் என்று அங்கே யாரும் கேட்கவில்லை. கேட்க அவர்களுக்கு நேரமும் இல்லை, வெளியே நாற்பது பேர் நின்றார்கள்.

2022 டிசம்பரில் பழைய பாலத்தில் ரயிலை நிறுத்தினார்கள். வண்டி மண்டபத்தோடு நின்றது. புதுப் பாலம் திறந்தது 2025 ஏப்ரல் 6ஆம் தேதி. இடையில் ஒரு மாதம் பஸ்ஸில் முயன்றேன், பிள்ளைக்குக் காய்ச்சல் வந்து படுத்துவிட்டாள். அப்போதுதான் வேறு வழியில்லாமல் ராமநாதபுரம் மாவட்ட இடையீட்டுச் சேவை மையத்துக்குப் போனேன். நல்ல இடத்தை விட்டுவிட்டுச் சின்ன இடத்துக்கு வந்துவிட்டோம் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன்.

2013இல் தொடங்கிய ராஷ்ட்ரிய பால் ஸ்வஸ்த்ய காரியக்ரம் என்ற மத்திய அரசின் குழந்தை நலத் திட்டத்தில் மாவட்டம்தோறும் அரசு மருத்துவமனையோடு சேர்ந்து வந்தவை இந்த மையங்கள். பிறந்த குழந்தையில் இருந்து 18 வயது வரை பார்ப்பார்கள், காசு கிடையாது. குழந்தை டாக்டர், பிசியோதெரபி, பேச்சுப் பயிற்சி, காது, கண் பரிசோதனை எல்லாம் ஒரே கூரையின் கீழ் இருக்க வேண்டும் என்பதுதான் இதன் அமைப்பு. குறைகளும் இல்லாமல் இல்லை. ஆள் மாறுவார்கள், புதிதாக வந்தவருக்கு எல்லாவற்றையும் மறுபடி சொல்ல வேண்டும். பெரிய கருவிகளை எதிர்பார்க்க முடியாது. ஆனால் எங்களுக்கு அது ஒன்றேகால் மணி நேரப் பயணம். காலையில் போய்விட்டு மதியக் கஞ்சிக்கு வீட்டுக்கு வந்துவிடலாம்.

அங்கே இருந்த பிசியோதெரபிஸ்ட் முதல் நாள் பிள்ளையின் காலை நீட்டவும் இல்லை, மடக்கவும் இல்லை. “அக்கா, பாப்பா வீட்டுல எங்க உக்காந்து சாப்பிடுறா? போன்ல ஒரு வீடியோ எடுத்துட்டு வாங்க” என்றார். எடுத்துப்போனேன். சுவரில் சாய்ந்து, காலை இரண்டு பக்கமும் ‘டபிள்யூ’ மாதிரி மடித்துப் போட்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு கையைத் தரையில் ஊன்றியே ஆக வேண்டும், இல்லையென்றால் சாய்ந்துவிடுவாள். அப்புறம் சோற்றைப் பிசைய அவளுக்கு ஏது கை? வீடியோவை இரண்டு தடவை பார்த்துவிட்டு, “மீன் அள்ளுற பிளாஸ்டிக் பெட்டி வீட்டுல இருக்கா?” என்று கேட்டார்.

கடற்கரையில் அதற்கா பஞ்சம்! உடைந்துபோன பெட்டி ஒன்றை என் வீட்டுக்காரர் கழுவிக் காயவைத்து, முன்பக்கத்தை அறுத்தார். உள்ளே தெர்மோகோல் துண்டு, அதன் மேல் பழைய கம்பளி. இடுப்பு, முட்டி, கணுக்கால் மூன்றும் நேர்கோணத்தில் மடங்க வேண்டும், பாதம் முழுசாகப் பலகையில் பதிய வேண்டும், இவ்வளவுதான் கணக்கு. காலுக்கு இடையே வைக்க ஒரு சின்னத் தலையணை, கால் பின்னாமல் இருக்க. முதல் நாள் அதில் உட்கார வைத்து முன்னால் ஒரு முக்காலி போட்டோம். இரண்டு கையும் சும்மா இருப்பதை அவளே பார்த்தாள். வலது கையால் சோற்றைத் தொட்டாள். வாய்க்குப் போனது பாதி, மடியில் விழுந்தது பாதி. ஒரு வருடம் மதுரைக்கு அலைந்ததில் நடக்காதது முக்காலியில் நடந்தது.

ஆஸ்திரேலியாவின் ஐயோனா நோவக் குழுவினர் 2013இலும் 2020இலும் உலகம் முழுக்க நடந்த ஆய்வுகளைத் தொகுத்து, சி.பி. சிகிச்சைகளுக்குச் சிக்னல் விளக்கு மாதிரி நிறம் கொடுத்தார்கள். பிள்ளை தானே செய்கிற, அதன் வாழ்க்கையில் நிஜமாகத் தேவைப்படுகிற வேலையைத் திரும்பத் திரும்பப் பழகுவதற்குப் பச்சை. தெரபிஸ்ட் கற்றுக்கொடுத்து, வழிகாட்டி, வீட்டில் பெற்றோர் செய்யவைப்பதற்கும் பச்சை. பிள்ளை சும்மா படுத்திருக்க, அடுத்தவர் காலை நீட்டி மடக்கிவிடுவதற்குப் பலன் குறைவு என்றுதான் வந்தது. ஸ்ப்ளின்ட், சரியாக உட்காரவைப்பது, நிற்கவைப்பது எல்லாம் தேவைதான், அவற்றை விட்டுவிடச் சொல்லவில்லை. ஆனால் “இன்னைக்கு எக்சர்சைஸ் முடிஞ்சுது” என்று எண்ணெய் தடவிக் காலை இருபது முறை மடக்கிவிட்டு நிம்மதி அடைகிறோமே, அங்கேதான் நாம் ஏமாறுகிறோம்.

ஆகவே இடங்களை ஒப்பிடும்போது நான் பார்ப்பது ஒன்றைத்தான். அங்கே கற்றது பிள்ளையின் சாப்பாட்டிலும் குளியலிலும் விளையாட்டிலும் வந்து சேருகிறதா? வருகிறது என்றால் அது நல்ல இடம். அடுக்கி வைத்த கருவிகளை நான் எண்ணுவதில்லை.

என் மாமியார் கதையைச் சொல்ல வேண்டும். சாயங்காலம் கடற்கரை மணலில் குழி தோண்டி, பிள்ளையை இடுப்பளவு இறக்கி, சுற்றி மணல் போட்டு நிற்க வைப்பார். எங்கள் பக்கம் பழைய வழக்கம் அது. மையத்தில் சொன்னால் திட்டுவார்களோ என்று பயந்துகொண்டே சொன்னேன். திட்டவில்லை. “பாட்டி செஞ்சது சரிதான், நிக்கிறது நல்லது. ஆனா மணலுக்குள்ள பாதம் திரும்பியிருந்தா, முட்டி மடங்கியிருந்தா நமக்குத் தெரியாது” என்றார். பனஞ்சட்டத்தில் ஆசாரி செய்துகொடுத்த சட்டகம் ஒன்றில், ஸ்ப்ளின்ட் மாட்டி, முட்டிக்குப் பட்டை போட்டு இப்போது நிற்கிறாள். நிற்கும்போது முன்னால் பலகையில் சோழி வைத்துப் பாட்டியோடு பல்லாங்குழி ஆடுகிறாள். நாற்பது நிமிடம் போவதே தெரியாது.

வீட்டிலேயே பார்ப்பதில் ஒரு பெரிய ஆபத்து உண்டு. எல்லாப் பாரமும் அம்மா தலையில் வந்து விழும். கடலுக்குப் போகும் நாளில் வீட்டுக்காரர் இருக்கமாட்டார். பாசி எடுக்கப் போகிற பெண்ணாக இருந்தால் அவளுக்கு அது கூலி நாள். 20 கிலோ பிள்ளையைத் தூக்கித் தூக்கி எனக்கு இடுப்பு வலி வந்து மூன்று மாதம் படுத்தேன். அந்த மூன்று மாதமும் பிள்ளைக்கும் ஒன்றும் நடக்கவில்லை. அதனால் வீட்டுப் பயிற்சி என்று எழுதிக்கொடுத்தால் இரண்டு மூன்றுக்கு மேல் வாங்காதீர்கள். பதினைந்து பயிற்சி எழுதிய தாளை மடித்து வைத்துவிட்டுக் குற்ற உணர்ச்சியில் தவிப்பதைவிட, சாப்பிடும்போது ஒன்று, உடுத்தும்போது ஒன்று என்று இருப்பதை அண்ணன், சித்தி, பாட்டி யாரும் செய்யலாம். தூக்குவதை எப்படி என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். முட்டியை மடக்கி, பிள்ளையை நெஞ்சோடு சேர்த்துத் தூக்க எனக்குச் சொல்லித்தர ஐந்து வருடம் யாரும் இல்லை.

உதவிக்கு வருகிறவர்களையும் தேடிக்கொள்ள வேண்டும். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் ஒவ்வொரு ஒன்றியத்திலும் வட்டார வள மையம் இருக்கிறது. சிறப்புப் பயிற்றுநரும் பிசியோதெரபிஸ்டும் அதன் மூலம் வருவார்கள். பள்ளிக்கு வர முடியாத பிள்ளைக்கு வீட்டுக்கே வந்து சொல்லிக்கொடுப்பதும் உண்டு. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்திலும் வீட்டுக்கு வந்து பிசியோதெரபி கொடுக்கிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதியச் சொல்லிக் கேளுங்கள். மாற்றுத்திறனாளிகள் துறை விழுதுகள் என்ற பெயரில் திறந்துவரும் ஒருங்கிணைந்த சேவை மையம் உங்கள் பக்கம் வந்துவிட்டதா என்றும் விசாரியுங்கள்.

மதினி வீட்டுக் கணக்கு முற்றிலும் வேறு. அவள் மகனுக்கு நடை இலக்கு கிடையாது. அவனுக்கு முதலில் வேண்டியது மூச்சு முட்டாமல் சாப்பிடுவது, வலியில்லாமல் படுப்பது, வலிப்பு கட்டுக்குள் இருப்பது. மல்லாக்கப் படுக்கவைத்துக் கஞ்சியை ஊற்றிக்கொண்டிருந்தாள், ஒவ்வொரு மழைக்காலத்திலும் நெஞ்சுச் சளி என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தாள். நிமிர்த்தி உட்காரவைத்து, தாடையைக் கொஞ்சம் கீழே இறக்கி, கஞ்சியைக் கெட்டியாக்கிச் சின்னக் கரண்டியில் கொடுக்கப் பேச்சுப் பயிற்சியாளர் காட்டிக்கொடுத்தார். சில பிள்ளைகளுக்கு விழுங்குவதைத் தனியாகப் பரிசோதிக்க வேண்டியிருக்கும், எல்லோருக்கும் இது ஒன்றே போதும் என்று நினைக்க வேண்டாம். அவளுக்கு நான் சொன்னது இதுதான்: வாராந்தரப் பயணம் வேண்டவே வேண்டாம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை இடுப்பு எக்ஸ்ரேயும் வலிப்பு டாக்டரும் மதுரையில், மீதி எல்லாம் வீட்டில். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் மூளை முடக்குவாதப் பிள்ளைகளுக்கென்று கொடுக்கும் சிறப்புச் சக்கர நாற்காலி வாங்கினாள். பையன் முதல்முறையாகத் தெருவைப் பார்த்து உட்கார்ந்தான்.

வெளியூரில் தங்கிப் பார்ப்பது நாலாவது வழி. தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில் 1981இல் தொடங்கிய அமர் சேவா சங்கம், சென்னைக் கோட்டூர்புரத்தில் 1985இல் தொடங்கிய வித்யாசாகர், முட்டுக்காட்டில் மத்திய அரசின் பல்வகை ஊனமுற்றோருக்கான தேசிய நிறுவனம் ஆகியவை அனுபவம் உள்ள இடங்கள். அமர் சேவா சங்கம் கிராமங்களுக்கே ஆளை அனுப்பி, வீட்டில் வைத்து அம்மாவுக்குக் கற்றுக்கொடுப்பதில் பெயர் பெற்றது. இந்த மாதிரி இடங்களில் பிள்ளையைவிட நமக்குத்தான் கற்க நிறைய இருக்கிறது. அறுவை சிகிச்சையோ போட்டாக்ஸ் ஊசியோ போட்ட பிறகு வருகிற மாதங்களில் நெருக்கமான பயிற்சி தேவைப்படும். தங்கிப் பார்ப்பதற்குச் சரியான நேரம் அதுதான். மற்ற பிள்ளைகளை யாரிடம் விடுவது என்ற கேள்விக்குப் பதில் இல்லாமல் கிளம்பாதீர்கள், பாதியில் திரும்பி வர நேரும்.

குருத்தணுவை உடம்பில் செலுத்தும் ஸ்டெம்செல் சிகிச்சை பற்றி. ஒரு பெரிய நகரத்தில் எங்களிடம் லட்சக்கணக்கில் கேட்டார்கள். படகுப் பங்கை விற்கலாமா என்றுகூட யோசித்தோம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் 2017இல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, ரத்தம் சார்ந்த சில நோய்களைத் தவிர மற்ற எதற்கும் ஸ்டெம்செல் அங்கீகரிக்கப்பட்ட சிகிச்சை கிடையாது. ஆராய்ச்சிக்குப் பணம் கேட்கக் கூடாது. கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். ஏர்வாடிக்கோ ஓரியூருக்கோ நேர்ந்துகொள்வதை நான் தடுக்கமாட்டேன், நானும் போயிருக்கிறேன். வலிப்பு மாத்திரையை மட்டும் ஒரு வேளைகூட நிறுத்தாதீர்கள்.

எந்த வழியைத் தேர்ந்தாலும் யு.டி.ஐ.டி. கார்டை, அதாவது மாற்றுத்திறனாளிக்கான அடையாள அட்டையை, முதலில் எடுத்துவிடுங்கள். கடுமையான பாதிப்பு உள்ளவர்களுக்குத் தமிழக அரசின் மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவிக்கு அது வேண்டும். 1999 தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் கீழ் வரும் நிராமயா காப்பீடு வருடத்துக்கு 1 லட்சம் ரூபாய் வரை கொடுக்கிறது, தெரபிச் செலவும் அதில் அடக்கம். துணையாளரோடு போகிற பிள்ளைக்கு ரயிலில் இரண்டு பேருக்கும் கட்டணச் சலுகை உண்டு. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி 40 சதவீதமோ அதற்கு மேலோ பாதிப்பு உள்ள பிள்ளைக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை, பக்கத்துப் பள்ளியிலேயே. “இங்க சேர்க்க முடியாது” என்று யார் சொன்னாலும் அந்தச் சட்டத்தின் பெயரைச் சொல்லுங்கள்.

வெளியூர் போவதென்றால் எங்கள் மாதிரிக் குடும்பங்களுக்கு நல்ல காலம் மீன்பிடித் தடைக்காலம்தான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. கையில் காசு குறைவுதான், ஆனால் அப்பா வீட்டில் இருப்பார். பள்ளிக்கும் பெரும்பாலும் விடுமுறை. தூக்க, பிடிக்க, வரிசையில் நிற்க இரண்டாவது ஆள் கிடைக்கிற ஒரே காலம் அது. ஸ்ப்ளின்ட் மாற்றுவது, எக்ஸ்ரே, தங்கிப் பயிற்சி எல்லாவற்றையும் அதற்குள் அடக்கிவிடலாம். மார்ச்சிலேயே போன் போட்டுத் தேதி வாங்கிவிட வேண்டும்.

இந்தத் தடைக்காலத்தில் நாங்கள் இரண்டு வாரம் தங்கிப் பயிற்சிக்குப் போகிறோம். போன தடவை அங்கே “என்ன வேணும்?” என்று கேட்டபோது “நல்லா நடக்கணும்” என்று சொன்னேன். இந்தத் தடவை மகளையே கேட்டேன். வகுப்பறை வாசலில் இரண்டு படி இருக்கிறது, அதில் டீச்சர் தூக்காமல் ஏற வேண்டும் என்றாள். அவள் அப்பா பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் படியின் உயரத்தை வலை நூலால் அளந்து, இரண்டு இடத்தில் முடிச்சுப் போட்டு வந்தார். மருத்துவச் சீட்டு வைக்கிற பையில் அந்த நூல் இருக்கிறது.